கல்லும் உயிலும்: கோஜா பெத்ரூஸ் உஸ்கான் வரலாற்றுச் சான்றுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒருவர் மறைந்தபின் எஞ்சும் எழுத்துகளைக் கொண்டு அவர் வாழ்க்கையை அறிய முயல்வது தமிழாராய்ச்சியாளர்க்குப் புதிதன்று. நடுகல், கையறுநிலை, பள்ளிப்படைக் கல்வெட்டு ஆகியவற்றில் நாம் நெடுங்காலம் பயின்றுள்ளோம். இவையனைத்தும் இறந்தாரைக் குறித்துப் பிறர் கூறுவன. இவற்றினின்று முற்றும் வேறுபட்ட சான்று ஒன்றுண்டு. அஃது ஒருவர் உயிரோடிருக்கும்போதே, தாம் இறந்தபின் படிக்கப்படுதற்கென்று தாமே கூறிவைப்பது. உயில் எனவும் மரண சாசனம் எனவும் வழங்குவது. உயிலை வாழ்க்கை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுமிடத்து அதனை எங்ஙனம் படித்தல் வேண்டும், எங்கே நம்புதல் கூடும், எங்கே அது நம்மை ஏமாற்றும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியது சேலத்து அம்மாபேட்டை. அங்குள்ள நெசவுத் தெருக்களின் பழைய வரலாற்றை எழுதப் புகும் மாணவர் எவரும் விரைவில் ஒரு முரண்பாட்டைக் காண்பர். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் பகுதி கும்பினியார் கைக்கு வந்தது. அதன்பின் அங்கு வந்து வாழ்ந்த மேனாட்டார் சிலரை நாம் பெயரோடும் ஆண்டோடும் அறிவோம். முதற் கலெக்டராகிய அலெக்சாந்தர் ரீடு, சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைத் தொடங்கிவைத்த காக்பர்ன், சேலத்தில் வணிக அதிகாரியாயிருந்து பின்னர்ப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை கண்ட ஹீத், மிட்டாவுரிமை பெற்ற பிஷர் என நிரல்படக் கூறலாம். அதே காலத்தில் அம்மாபேட்டையில் தறியிட்டு வாழ்ந்தோருள் ஒருவர் பெயரையேனும் இங்ஙனம் கூற நம்மால் இயலுமோ? இயலாதெனின், அதற்குக் காரணம் அவர்தம் வாழ்வின் எளிமையா, அன்றிச் சான்றுகள் உருவாகும் முறையா? இவ்வினாவிற்கு விடை காண, சான்று மிகுந்த ஒருவரை முதற்கண் எடுத்துக்கொண்டு, அச்சான்று எங்ஙனம் மிகுந்தது என்று ஆராய்தல் பயனுடைத்து. அதற்கு ஏற்றவர், சென்னையில் குடியேறி வாழ்ந்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்பவர்.

1. வாழ்க்கைச் சுருக்கம்

உஸ்கான் பாரசீகத்து இஸ்பகான் நகரை அடுத்த புதிய ஜுல்பாவிற் பிறந்தவர். அரக்ஸ் ஆற்றங்கரையிலிருந்த பழைய ஜுல்பாவின் ஆர்மீனியரை ஷா அப்பாஸ் என்னும் பாரசீக மன்னன் 1604-05இல் குடிபெயர்த்துக் கொணர்ந்து அமைத்த குடியிருப்பு அது. அங்கிருந்து ஆர்மீனிய வணிகர் கிழக்கே மணிலா வரையிலும் மேற்கே வெனிசு வரையிலும் பரந்து வாணிகம் செய்தனர். 1688இல் இலண்டனில் ஆங்கிலக் கும்பினியார்க்கும் கோஜா பானோஸ் கலந்தார் என்பார்க்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கை, கும்பினி நகரங்களில் ஆர்மீனியர் குடியேறி வாழவும் வணிகம் நடத்தவும் உரிமை தந்தது. இவ்வுரிமையின் நிழலிலேயே உஸ்கான் 1720களில் சென்னையில் நிலைபெற்றார். இசுபானியர் ஆட்சியிலிருந்த மணிலாத் துறைமுகம் ஆங்கிலக் கப்பல்களுக்கு அடைபட்டிருந்த காலம் அது. ஆர்மீனியர் பெயராலும் கொடியாலும் அங்குச் செல்லுதல் கூடும். ஆதலின் சென்னைத் துணியை மணிலாவிற்கு அனுப்பும் வாணிகத்தில் ஆர்மீனியர் பங்கு பெரிதாயிற்று. உஸ்கானும் அவ்வாணிகத்தில் ஈடுபட்டவரே.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். உஸ்கான் புதுச்சேரிக்குப் பெயர்ந்து பிரெஞ்சுச் சார்பினராகும்படி துய்ப்ளே கேட்க, அவர் இசைந்திலர். அவர்தம் பொருள்கள் பறிமுதலாயின. அவர் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியிற் சென்று தங்கினார். 1749இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தபின் திரும்பிய அவர், 1751 சனவரி 15ஆம் நாள் தம் எழுபதாம் அகவையளவில் மறைந்தார். வேப்பேரியில் அவர் ஆதரித்து வளர்த்த சிற்றாலயத்தில் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. அவர் விருப்பப்படி இதயம் மட்டும் பொற்பேழையில் இடப்பெற்றுப் பிறந்த ஊராகிய ஜுல்பாவிற்கு அனுப்பப்பட்டது என்பது அவர் வரலாற்றில் பெரிதும் அறியப்பட்ட செய்தி.

2. கல்லின் சான்று

உஸ்கானைப் பற்றிப் பொதுமக்கள் அறிந்தவை இரண்டு கற்பணிகள். ஒன்று, அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726இல் அவர் கட்டிய பாலம். மாம்பலம் என்னும் பெயரை ஆங்கிலேயர் திரித்து வழங்கியவாறு அது மர்மலாங்குப் பாலம் எனப்பட்டது. அதற்கு முப்பதினாயிரம் வராகன் செலவாயிற்று என்பர். மற்றொன்று, பரங்கிமலைக்கு ஏறும் கருங்கற் படிக்கட்டு. பழைய பாலம் இன்றில்லை. அதனிடத்து எழுந்த புதிய பாலம் மறைமலையடிகள் பெயர் தாங்கி நிற்கின்றது. அயன்மொழிச் சொற் கலவாத தமிழுக்கு வாழ்நாளை ஈந்த அறிஞர் பெயரும், பாலத்தருகே எஞ்சிய பழைய கல்லில் அயன்மொழிகளிற் பொறிக்கப்பட்ட ஆர்மீனியர் பெயரும் ஓரிடத்தே நிற்றல் சென்னை வரலாற்றுக்கே உரிய அமைதியாகும்.

இக்கல் கூறுவது யாது? கட்டினார் பெயர், இனம், ஆண்டு, பொதுநலம் என்னும் நோக்கம் ஆகிய நான்கே. கல்வெட்டு சுருங்கச் சொல்லும். தான் சொல்ல விரும்பியதை மட்டுமே சொல்லும். அதனை மட்டும் நம்பி எழுதினோர் உஸ்கானைக் கொடைவள்ளல் என்னும் ஒரு சொல்லில் அடக்கினர். அது பொய்யன்று, ஆயினும் முழுமையன்று.

பாலத்தையும் படிக்கட்டையும் தனித்தனியே நோக்குவோர் இரு கொடைகளைக் காண்பர். சேர்த்து நோக்குவோர் ஒரு வழியைக் காண்பர். கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் அடியார்க்கு ஆற்றிடையே பாலமும் மலைமேல் படியும் வேண்டும். கோட்டையில் தொடங்கி மலைக்கோயிலில் முடியும் ஒரே திருவழியை உஸ்கான் இரு கூறாகச் செய்து முடித்தார் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. அவ்வழியே நெசவாளரும் சுமைகாரரும் நடந்தனர் என்பது வேறு. அவர் கருதிய பயன் ஒன்று. விளைந்த பயன் பல.

3. உயிலின் சான்று

பாலம் கட்டிய அதே 1726ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. அவ்வாண்டு செப்டம்பரில் இங்கிலாந்து மன்னர் வழங்கிய பட்டயத்தால் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் மேயர் நீதிமன்றங்கள் புதிய அதிகாரத்தோடு அமைந்தன. சென்னையில் மேயர் நீதிமன்றம் முன்னரே இருந்தது. எனினும் இறந்தார் உயிலை மெய்ப்பித்துச் சான்றிதழ் வழங்குதலும், உயிலின்றி இறந்தார் பொருளை நிருவகிக்க ஆணை தருதலும் மன்னரின் ஆணைப்படி அதன் கடமைகளாயின. பின்னர் 1798இல் ரெக்கார்டர் நீதிமன்றமும், 1801இல் சுப்ரீம் நீதிமன்றமும், 1862இல் உயர்நீதிமன்றமும் இக்கடமையை ஏற்றன. கல்லால் நினைவை நிறுத்திய ஆண்டே, தாளால் நினைவை நிறுத்தும் வழியும் திறந்தது எனலாம்.

உயிலை மெய்ப்பிக்கும் முறையை அறியாது உயிலைப் படித்தல், பாட்டின் திணை துறை அறியாது பாட்டைப் படித்தலை ஒக்கும். உயில் எழுதினார் இறந்தபின், அதில் நியமிக்கப்பட்ட நிறைவேற்றுநர் அதனை நீதிமன்றத்தில் கொணர்வர். சாட்சிகள் தம் கையொப்பத்தை மெய்யென்று உறுதி கூறுவர். நீதிமன்றம் உயிலைத் தன் பதிவேட்டில் படியெடுத்துக்கொண்டு, புரொபேட் எனப்படும் மெய்ப்பிதழை அளிக்கும். நிறைவேற்றுநர் இறந்தார் பொருள்களை எண்ணிப் பட்டியல் தருதல் வேண்டும். விற்கத்தக்கவற்றை ஏலத்தில் விற்றுக் கணக்குக் காட்டுதல் வேண்டும். ஆகவே ஓர் இறப்பினின்று உயில், பட்டியல், ஏலக் கணக்கு, நிருவாகக் கணக்கு என நால்வகை எழுத்துத் தோன்றக்கூடும். இந்நான்கும் ஒரே குரலுடையன அல்ல. உயிலில் பேசுபவர் இறந்தவர்; பட்டியலில் பேசுவது வீடு; ஏலக் கணக்கில் பேசுவது சந்தை; நிருவாகக் கணக்கில் பேசுவோர் கடன் கொடுத்தோரும் கொண்டோரும். நான்கினையும் உயில் என ஒரு பெயரால் வழங்கி ஒன்றன் செய்தியை மற்றொன்றன் மேலேற்றுதல் ஆராய்ச்சியாளர் சிலர்பால் காணப்படும் குற்றம்.

உயிலைப் படிப்போர் மூன்று தடைகளைக் கடத்தல் வேண்டும்.

முதலாவது வாய்பாடு. தம் ஆன்மாவை இறைவனிடம் ஒப்புவிப்பதும், உடல் நலிந்தும் அறிவு தெளிந்தும் இருப்பதாகக் கூறுவதும் அக்கால உயில்கள் பலவற்றிற்கும் பொதுவான தொடக்கம். அதனைக் கொண்டு ஒருவரது சமயப் பற்றை அளத்தல், மெய்க்கீர்த்தியின் பொதுத் தொடர்களைக் கொண்டு மன்னன் வெற்றியை அளத்தலை ஒக்கும். வாய்பாட்டினின்று விலகும் இடமே எழுதினார் உள்ளத்தைக் காட்டும். உடலை ஓரிடத்தும் இதயத்தை மற்றோரிடத்தும் வைக்கச் சொல்லும் விருப்பம் எவ்வாய்பாட்டிலும் அடங்குவதன்று. ஈண்டுத்தான் உஸ்கான் தாமே பேசுகின்றார் எனத் துணியலாம்.

இரண்டாவது மொழி. ஆங்கில நீதிமன்றத்தில் ஆர்மீனியர் வழக்கு நடத்துங்கால் இடையே மொழிபெயர்ப்பாளர் நிற்பார். ஜுல்பா வணிகர் எழுத்து வழக்கு பாரசீக, துருக்கிச் சொற்கள் விரவிய தனிவழக்கு. அதனை ஆங்கிலமாக்கினார் செய்த பிழையும் தெளிவும் எழுதினார்மேல் ஏற்றப்பட்டுவிடும். பெயர்களே இதற்குச் சான்று. ஆங்கிலப் பதிவுகளில் உஸ்கான் என்றிருப்பது ஆர்மீனிய ஒலியில் வொஸ்கான் என்பது. இலத்தீனக் கல்வெட்டு உடன் சேர்க்கும் பொகூஸ் என்பதும் குடிவழியைக் குறிக்கும் பெயரே. பெத்ரூஸ் நம் பேதுரு. பொகூஸ் நம் பவுல். கோஜா என்பது பெயரன்று, பெருவணிகர்க்குரிய மதிப்படை. தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு தேடுவோர் அவருடைய உறவினரைத் தவறவிடுவர். முன்னெழுத்தால் தந்தை பெயரைக் குறிக்கும் நமக்கு இவ்வுண்மை எளிதிற் புலப்படுவதே.

மூன்றாவது நாள். 1752 வரையில் ஆங்கிலேயர் பழைய காலக் கணக்கையே பின்பற்றினர். அவர்தம் சட்ட ஆண்டு மார்ச்சு 25இல் தொடங்கிற்று. ஆகவே 1751 சனவரியில் நிகழ்ந்த இறப்பை அக்கால ஆங்கில எழுத்தர் 1750 என்று குறித்தல் இயல்பு. சிலர் ஈராண்டினையும் சேர்த்து எழுதுவர். அன்றியும் புதிய ஜுல்பாவினர் 1616இல் தொடங்கும் அசாரியா ஆண்டினை வழங்கினர். பிரெஞ்சுக்காரரோ திருத்திய நாட்காட்டியினர். ஆங்கிலேயரின் கணக்கினும் பதினொரு நாள் முற்பட்டவர். சென்னை வீழ்ந்த நாளை இரு தரப்பும் இரு வேறு தேதியிட்டு எழுதுதலும் இதனாலேயே. சக ஆண்டும் கலியாண்டும் ஆட்சியாண்டும் கலந்த கல்வெட்டுகளில் பயின்ற நமக்கு இச்சிக்கல் அச்சம் தருவதன்று. ஆயின் இதனை நினையாது எழுதுவோர் ஒருவரை ஓராண்டு முன்னரே கொன்றுவிடுவர்.

4. முன்னோர் ஆய்வுகள்

உஸ்கான் பற்றிய எழுத்துகளில் மூன்றினை ஈண்டு மதிப்பிடுதல் தகும்.

1913இல் வெளிவந்த ஹென்றி டேவிசன் லவ் என்பாரின் பழைய சென்னை பற்றிய பெருநூல், கும்பினிப் பதிவுகளிலிருந்து திரட்டப்பெற்ற களஞ்சியம். அதனினும் பயன்மிக்க நூல் சென்னை வரலாற்றுக்கு அரிது. ஆயினும் கும்பினிப் பதிவில் ஒருவர் தோன்றுவது கும்பினியின் அலுவலோடு அவர் தொடர்புறும்போதுதான். ஆதலின் அந்நூலில் உஸ்கான் விண்ணப்பம் செய்பவராகவும் பாலம் கட்டுபவராகவும் விளங்குகின்றாரேயன்றி, வீட்டில் வாழ்பவராக விளங்கவில்லை.

1937இல் மெஸ்ரோப் ஜேக்கப் சேத் விரிவாக வெளியிட்ட இந்திய ஆர்மீனியர் வரலாறு மற்றொரு வகையினது. தம் இனத்தார் புகழை மறதியினின்று மீட்கும் வேட்கை அந்நூலாசிரியர்க்கு உண்டு. கல்லறைகளைத் தேடிச் சென்று எழுத்துகளைப் படித்து வைத்த அவர் உழைப்பு போற்றற்குரியது. ஆயின் புகழ் நாடிப் படிப்பார்க்குக் கொடை தோன்றும், கடன் தோன்றாது.

2008இல் பாஸ்வதி பட்டாச்சார்யா உஸ்கானின் உயிற் புத்தகம் குறித்து எழுதிய ஆய்வுக் கட்டுரை இவ்விரண்டினும் ஒருபடி மேற்சென்றது. உயிலைப் புகழுரையாகக் கொள்ளாது, இந்துமாக்கடல் முழுதும் பரந்த ஆர்மீனிய வணிக வலையைக் காட்டும் சான்றாக அது கொண்டது. எவரிடம் நம்பிக்கை வைத்தார், எந்நகரத்தில் பொருள் வைத்தார் என்னும் வினாக்களை உயிலிடம் கேட்கக் கற்பித்தது. இது முறையான படிப்பு. நாமும் இதனாற் பெற்ற பயன் பெரிது. ஆயினும் வலையை நோக்குங்கால் வலை கட்டிய கம்பம் மறைதல் உண்டு. மணிலாவும் வெனிசும் ஜுல்பாவும் விளங்கித் தோன்றுமிடத்து, சைதாப்பேட்டையும் வேப்பேரியும் பின்னிற்கின்றன. வணிகர் ஓர் ஊரில் வாழ்ந்தார். அவ்வூரார் நெய்த துணியை விற்றார். அவ்வூர் ஆற்றின்மேல் பாலம் கட்டினார். இவ்வுள்ளூர்ப் பக்கத்தை எழுதும் கடமை தமிழ்த்துறையினராகிய நம்மைச் சார்ந்தது.

உள்ளூர்ப் பக்கத்திலிருந்து நோக்கின் ஒன்று விளங்கும். உஸ்கான் பாலத்தையும் படியையும் கட்டியதோடு அமையாது, அவற்றைப் பிற்காலத்துப் பேணுதற்கும் நிதி ஒதுக்கினார். முதல் அழியாது நிற்க, அதன் பயன் கொண்டு அறம் நடைபெறவேண்டும் என்பதே இதன் கருத்து. நம் கோயிற் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்கிற்குத் தொண்ணூற்றாறு ஆடு விட்டு, அவற்றைச் சாவா மூவாப் பேராடு எனக் குறித்த முறைக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை எண்ணத்தக்கது. ஆடுகள் சாகும், எண்ணிக்கை சாகாது. வராகன் செலவாகும், முதல் செலவாகாது. உஸ்கான் நம் வழக்கத்தைக் கண்டு மேற்கொண்டார் என்று கூறச் சான்றில்லை. அறக்கட்டளை என்னும் கருத்து ஆர்மீனியர்க்கும் பாரசீகர்க்கும் உரியதே. எனினும் தமிழ்நாட்டில் நிதி வைத்து அறம் செய்வோர் செயல் புரியாத செயலாகத் தோன்றியிராது என்பதுவரை துணியலாம். வேறுபாடு யாதெனின், நம் விளக்குக் கொடைக்குக் காவல் சபையும் கோயிலும்; உஸ்கான் கொடைக்குக் காவல் நிறைவேற்றுநரும் நீதிமன்றமும்.

5. விருப்பமும் விளைவும்

உயில் பற்றிய ஆராய்ச்சியில் மிகப் பெரிய பிழை, விருப்பத்தை விளைவாகக் கொள்ளுதல். உஸ்கான் வாழ்க்கையே இதற்கு எடுத்துக்காட்டு. வேப்பேரி ஆலயம் கத்தோலிக்கத் துறவியர் வழிபாட்டிற்கு உரியதாக அவரால் பேணப்பட்டது. ஆயின் 1749க்குப்பின் ஆங்கில ஆட்சியினர் கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரர்க்குத் துணைநின்றனர் என ஐயுற்றனர். கோட்டையிலிருந்த கத்தோலிக்க ஆலயம் இடிக்கப்பட்டது. உஸ்கான் மறைந்த மறுவாண்டாகிய 1752இல் வேப்பேரி ஆலயமும் புராட்டஸ்டண்டு மறைத்தொண்டரிடம் ஒப்புவிக்கப்பட்டது. தாம் உறங்கும் இடத்தையே அவர்தம் திருச்சபை இழந்தது. இதனை எந்த உயிலும் நமக்குக் கூறாது. ஏனெனில் உயில் எழுதினார் அதனை அறியார்.

அவ்விடத்தைப் பெற்றவர் யோவான் பிலிப்பு பாப்பிரிசியுஸ். தமிழறிஞர்க்கு இவர் புதியவரல்லர். 1761இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அங்கிருந்து கொணர்ந்த அச்சுக்கூடம் வேப்பேரி மறைத்தொண்டர் கையில் வந்தது. அங்கிருந்துதான் 1779இல் பாப்பிரிசியுஸ் முதலியோரின் தமிழ் ஆங்கில அகராதி அச்சேறியது. விவிலியத்தைத் தமிழ்ப்படுத்திய அவர் பணியின் பெரும்பகுதியும் வேப்பேரியில் நிகழ்ந்ததே. ஓர் ஆர்மீனிய வணிகர் பேணிய இடம், அவர் விரும்பாத மாற்றத்தின் வாயிலாக, தமிழ் அகராதி வரலாற்றில் ஓர் இடமாயிற்று. அதே பாப்பிரிசியுஸ் முதுமையில் கடன்பட்டுச் சிறையிருந்தார் என்பதும் உடன் நினையத்தக்கது. கொடையும் கடனும் ஒருங்கு கலந்த நகரம் அது. ஒன்றை எழுதி மற்றொன்றை விடுதல் வரலாறாகாது.

பச்சையப்ப முதலியாரின் உயிலையும் இதனோடு ஒப்பிடலாம். 1794இல் அவர் எழுதிவைத்த அறங்கள் நெடுங்காலம் நடைபெறாது கிடந்தன. நீதிமன்றத்தில் வழக்கு நிகழ்ந்து, பொருள் வட்டியோடு பெருகி, 1842இல் அப்பொருளினின்று பள்ளி தோன்றிற்று. உயிலில் எழுதியது கோயில் அறம். விளைந்தவற்றுள் தலைசிறந்தது கல்வி அறம். இரு உயில்களும் கற்பிப்பது ஒன்றே: உயிலின் வாழ்வு எழுதினார் இறப்பில் தொடங்கி, அவர் அறியாத மனிதர் கையில் வளர்கின்றது. ஆதலின் உயிலை ஆராய்வார் எழுதிய நாளில் நின்றுவிடாது, அதன்பின் ஐம்பதாண்டு வரையேனும் தொடர்ந்து செல்லுதல் வேண்டும்.

6. உயில் பேசாத இடம்

இனி அம்மாபேட்டைக்கு மீள்வோம். வணிகர் பொருட் பட்டியலில் வரவேண்டிய தொகைகள் என ஒரு பகுதி உண்டு. துணி வாணிகம் முன்பணத்தால் நடந்தது. வணிகர் இடைநிலை வணிகர்க்குக் கொடுப்பார். அவர் நெசவாளர்க்குக் கொடுப்பார். துணி வந்தபின் கணக்குத் தீரும். இம்முன்பணம் ஏட்டின் ஒரு பக்கத்தில் வணிகர்க்குச் சொத்து. மறு பக்கத்தில் நெசவாளர்க்குக் கடன். வணிகர் இறந்தால் சொத்து பட்டியலில் ஏறும். நெசவாளர் இறந்தால் கடன் மகன் தறியில் ஏறும், எப்பட்டியலிலும் ஏறாது. நெசவாளர் வரலாற்றில் இல்லாதவர் அல்லர். பிறர் சொத்துப் பட்டியலுள் பெயரிலாத் தொகையாய் உள்ளவர். அங்ஙனம் தேடினாலன்றி அவர் கிடையார்.

பெயரின்மைக்குச் சட்டமும் ஒரு காரணம். மேயர் நீதிமன்றத்தின் எல்லை சென்னை நகரமும் அதனைச் சார்ந்த குடியேற்றங்களும். சேலம் கும்பினியார்க்கு வந்தபின்னும், உள்நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர் மட்டுமே சென்னைச் சுப்ரீம் நீதிமன்றத்தின் ஆட்சிக்கு உட்பட்டனர். ஆகவே சேலத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர் உயில் சென்னைப் பதிவேட்டில் ஏறுதற்கு வழி இருந்தது. அவர் வீட்டெதிரே வாழ்ந்த நெசவாளர்க்கு அவ்வழி இல்லை. 1870ஆம் ஆண்டு இந்து உயில் சட்டமும் இம்மாகாணத்தில் சென்னை நகரெல்லையைக் கடந்து செல்லவில்லை. வெளி மாவட்டத்து இந்துக்கள் உயிலை எழுத்திலமைத்துச் சாட்சிக் கையொப்பம் பெறுதல் 1927 சனவரி முதல் நாளிலிருந்தே கட்டாயமாயிற்று. அதற்கு முன்னர் அம்மாபேட்டையில் ஒரு முதியவர் பாயிற் கிடந்து, இத்தறி மூத்தவனுக்கு, இவ்வீடு இளையவனுக்கு என்று வாயாற் சொல்லி இறப்பின், அச்சொல்லே செல்லுபடியாகும் உயில். அது காற்றோடு போயிற்று. அவர் சொல்லவில்லை என்பதன்று. சொன்னதை எழுதவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை என்பதே உண்மை.

இதனின்று பெறப்படும் முடிபு முதன்மையானது. உஸ்கான் வாழ்க்கை நமக்குக் கிடைத்தமைக்கு அவர் பெருஞ்செல்வரானமை ஒரு காரணமே. எழுத்தைக் கட்டாயமாக்கிய நீதிமன்றத்தின் எல்லைக்குள் அவர் இறந்தமை மற்றொரு காரணம். சான்றின் மிகுதி வாழ்வின் மிகுதியைக் காட்டாது; சான்றின் இன்மை வாழ்வின் இன்மையைக் காட்டாது. இவ்வேறுபாட்டை மறந்து எழுதப்படும் ஊர் வரலாறுகளில் கலெக்டர்களும் வணிகர்களும் மட்டுமே நடமாடுவர். தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உயிலைச் சான்றாகக் கொள்வார் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம் என்று கருதுகின்றோம். உயில், பட்டியல், ஏலக் கணக்கு, நிருவாகக் கணக்கு ஆகியவற்றை வேறு வேறு நூல்களாகக் கொள்ளுதல்; வாய்பாட்டை நீக்கி விலகலை நோக்குதல்; மொழிபெயர்ப்பை மூலமாகக் கொள்ளாமை; ஆண்டுக் கணக்கை ஒப்பிடுதல்; விருப்பத்தையும் விளைவையும் பிரித்தறிதல்; இறுதியாக, சட்டத்தின் எல்லை எங்கே முடிகின்றதோ அங்கே உயிலின் பேச்சும் முடிகின்றது என்பதை மறவாமை.

அம்மாபேட்டை போன்ற ஊர்களுக்கு வேறு சான்றுகளை நாம் தேடுதல் வேண்டும். 1860களில் தொடங்கிய பதிவு அலுவலகங்களின் கிரயப் பத்திரங்கள், அடைமானப் பத்திரங்கள், பாகப்பிரிவினைப் பத்திரங்கள் ஆகியன தமிழில் எழுதப்பட்டவை. அவற்றில் தெருவின் நான்கெல்லையும், தறி நின்ற இடமும், அண்டை வீட்டார் பெயரும் உள்ளன. நெசவாளர் குடும்பங்களில் எஞ்சிய கணக்கேடுகளும் ஊர்க்கட்டு ஆவணங்களும் உள்ளன. இவற்றைச் சட்ட எழுத்து எனத் தள்ளாது, தமிழ் உரைநடையின் ஒரு துறையாக ஏற்று, பாடம் ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் பணியைத் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்வாராக. ஓலைச்சுவடியின் ஓரெழுத்திற்கு நாம் காட்டும் கவனத்தில் ஒரு பகுதியை ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்திற்குக் காட்டின், பெயரிலாத் தொகையாய்க் கிடப்போர் பெயருடையோர் ஆவர்.

உஸ்கான் தம் உடலை வேப்பேரியிலும் இதயத்தை ஜுல்பாவிலும் வைக்கச் சொன்னார். வந்த ஊரும் வாழ்ந்த ஊரும் இரண்டும் தம்முடையன என்பதை அவர் எழுதிவைத்தார். எழுதிவைத்தமையால் இருநூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அதனை அறிகின்றோம். அம்மாபேட்டை முதியவர் வாயாற் சொல்லிச் சென்ற உயிலிலும் இத்தகைய ஒரு விருப்பம் இருந்திருக்கும். அதனை மீட்டல் இனி இயலாது. ஆயின், அவர் சொன்னார் என்பதை நினைவிற் கொண்டு எழுதுதல் இயலும். அது நம் கடமையும் ஆகும்.